அறிஞர் தகுதியும் மேற்கோள் கணக்கும்

ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகுதியை, அவர் எழுதிய கட்டுரைகளின் தொகையாலும், பிறர் அவற்றை மேற்கோளாகக் காட்டிய தடவைகளாலும் அளக்கும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் முன்மொழிந்து 1964-இல் வெளிக்கொணர்ந்த அறிவியல் மேற்கோள் அட்டவணையே இதற்கு வித்து. கட்டுரை தேடுவார்க்கு உதவும் கருவியாகப் பிறந்த அது, நாளடைவில் ஆளையே நிறுக்கும் தராசாயிற்று. அத்தராசின் நிறையும் குறையும் ஜி. என். இராமச்சந்திரனின் பணியில் நன்கு புலனாகும்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைமையை ஏற்ற அவர், 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரி அமைப்புடையது என 'நேச்சர்' இதழில் எழுதினார். அம்மூன்று இழைகளும் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியுள்ளன என மறு ஆண்டே திருத்தமும் வெளியிட்டார். அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுப்புரைத்தனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், மூன்று அமினோ அமிலங்களுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டன்று, ஒன்றே என்றும் அவர்கள் வாதிட்டனர். பிணைப்பைப் பொறுத்தவரை பிற்கால ஆய்வு அவர்கள் பக்கமே நின்றது. முப்புரி என்னும் அடிப்படையோ அசையாது நிலைத்தது.

மேற்கோள் கணக்கில் பாராட்டும் ஒன்று, மறுப்பும் ஒன்று. இரண்டையும் அது பிரித்தறியாது. ஆயினும் இராமச்சந்திரனின் தலைசிறந்த பணி அம்மறுப்பிலிருந்தே முளைத்தது. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என ஆராயப் புகுந்த அவர், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதை அது காட்டுகிறது. புரத அமைப்புகளைச் சரிபார்ப்போர் இன்றும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே அதைச் சொல்கின்றனர். ஆனால் பெயரைச் சொல்வோரில் பலர் மூலக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. ஒரு கருத்து பொதுச்சொத்தாகும்போது கணக்கிலிருந்து அது நழுவிவிடுகிறது!

துறை மாறினால் தராசின் கோணல் இன்னும் மிகும். உளப்பகுப்பாய்வில் கல்கத்தாவின் கிரீந்திரசேகர போஸ் 1921-இல் உள்ளத்து அடக்கம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டுடன் கடிதவழி வாதமிட்டார். வங்கமொழியிலும் எழுதினார். நூல்களிலும் கடிதங்களிலும் தாய்மொழியிலும் வாழும் சிந்தனையை ஆங்கில இதழ்க் கட்டுரைகளை எண்ணும் அட்டவணை எங்ஙனம் அளக்கும்? மூலக்கூறு உயிரியலுக்கு வகுத்த படியால் உளப்பகுப்பாய்வை அளத்தல், நெல்லளக்கும் மரக்காலால் துணி அளப்பதை ஒக்கும்.

மலாக்காத் தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட மாநிலம் இது. பால்மரம் மிகுந்திருந்த நாள்களில், வெட்டிக் கொணர்ந்த பாலை நிறுப்பதோடு வேலை முடிந்ததில்லை. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆதலின் நிறுத்தபின் ரப்பரின் அளவையும் சோதித்தனர். மேற்கோள் எண்ணிக்கை பாலின் எடை. கருத்தின் திண்மையோ அதனுள் உறைந்துள்ள ரப்பர்.

இதனால் கணக்கே வேண்டா என்பதன்று. படிக்காமலே பாராட்டிப் பொன்னாடை போர்த்தும் வழக்கத்தினும், யார் யாரைப் படித்தார் எனக் காட்டும் கணக்கு நூறு மடங்கு மேலானது. தொல்காப்பியர் முன்னோர் கருத்துகளைப் புலவர் கூற்றெனப் பொதுவாகவே குறித்துச் செல்கிறார். அப்புலவர்தம் பெயர்கள் இன்று இல்லை. கூற்று வாழ்கிறது; கூறியவர் மறைந்தார். அவ்விழப்பு தொடரலாகாது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மாணவர்க்குக் கட்டுரை கற்பிக்கும் தமிழாசிரியர், எடுத்தாண்ட கருத்துக்கு உரியவர் பெயரைச் சுட்டும் பழக்கத்தையும் உடன் கற்பித்தல் வேண்டும். எண்ணிக்கை வாயிலைக் காட்டும். உள்ளே சென்று படித்து மதிப்பிடுதல் படிப்பவர் கடனே.