பார்த்தவர் எத்தனை பேர்?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் திருகு அளவியைக் கொடுத்தவுடன் அவர்கள் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? கம்பியை அதன் வாயில் வைத்துத் திருகி, தலைக்கோலில் தெரியும் எண்ணைப் படித்து, நோட்டில் எழுதிவிடுவதுதான். கம்பியை வைப்பதற்கு முன், வெறும் அளவியை மூடி, சுழியோடு சுழி பொருந்துகிறதா என்று பார்ப்பவர் முப்பது பேரில் இருவரோ மூவரோதான் இருப்பர். கருவி காட்டும் எண் தவறாக இராது என்னும் நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது மரச்செக்கு வைத்து நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டி விற்கிறார். சில மாதங்களுக்கு முன் வீட்டிற்கு வந்தவர், கைபேசியை என் முன் நீட்டி, "சார், செக்கு ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டேன். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்" என்றார். அதைப் பலர் கண்ணில் படச் செய்வதற்காக அந்தச் சமூக ஊடகத்திற்கு மூவாயிரம் ரூபாய் கட்டியுமிருந்தார்.

"எண்ணெய் எவ்வளவு கூடுதலாக விற்றது?" என்று கேட்டேன்.

"அதைத் தனியாகக் கணக்குப் பார்க்கவில்லை சார்."

"சரி, பார்த்தவர் என்றால் என்ன பொருள்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பார்த்தவர் என்றால் பார்த்தவர்தான், சார்."

வாசகர்களே, அந்த விடையில்தான் சிக்கல் இருக்கிறது. வணிகர்கள் வாடிக்கையாளரோடு பேசுவதற்கு வலைத்தளத்தையும் சமூக ஊடகத்தையும் பயன்படுத்துவதில் தவறேதும் இல்லை. செய்தித்தாளில் கால் பக்கம் வாங்க இயலாத ஒரு செக்குக்காரர், தன் தொழிலை ஊரறியச் சொல்ல வழி பிறந்திருக்கிறது; அதை நான் குறை கூறமாட்டேன். நான் குறை கூறுவது, பேசியது கேட்கப்பட்டதா என்பதற்குச் சான்றாக நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் அந்த எண்ணை. விளம்பரத்தை விற்பவரே, தாம் செய்த கருவியால், தாமே வகுத்த அலகில் அளந்து சொல்லும் எண் அது.

முதலில் அலகைக் கவனியுங்கள். மீட்டர் என்றால் எங்கும் ஒரே நீளம்தான். 'பார்வை' என்னும் அலகோ ஊடகத்துக்கு ஊடகம் வேறுபடும். பேஸ்புக்கில் ஒரு வீடியோ 3 நொடி ஓடினால் ஒரு பார்வை என்று கணக்கிட்டனர். நீங்கள் தொடாமலே, திரையில் வந்தவுடன் தானாக ஓடத் தொடங்கும் வீடியோக்கள் அவை என்பதை நினைவில் கொள்க. அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் என்ற அமைப்பு விளம்பர வீடியோக்களுக்கு வகுத்த அளவுகோல், படத்தின் பாதிப் பரப்பு தொடர்ந்து 2 நொடி திரையில் தெரிந்தால் போதும் என்கிறது. யூடியூப் நிறுவனம் 'ஷார்ட்ஸ்' என்னும் தன் சிறு வீடியோக்களுக்கு 2025 மார்ச் 31 முதல் அலகையே மாற்றியது. அதுவரை சில நொடிகளாவது ஓடினால்தான் பார்வை. அன்று முதல் ஓடத் தொடங்கினாலே பார்வை. முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் மக்களின் கண்களில் எந்த மாற்றமும் நிகழவில்லை. எனினும் எண் கூடிற்று. வீடியோ தயாரிப்பவர்களுக்கு வருவாயைப் பங்கிடும்போது மட்டும் அந்நிறுவனம் பழைய முறைக் கணக்கையே வைத்துக்கொண்டது என்பது சிந்திக்கத் தக்கது.

அலகு தெளிவாக இருந்தாலும் கணக்கு பிழையாகலாம். இதற்கு 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நிகழ்ச்சியைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. வீடியோக்களைப் பயனாளர்கள் சராசரியாக எத்தனை நொடி பார்த்தனர் என்று பேஸ்புக் தன் விளம்பரதாரர்களுக்குத் தெரிவித்துவந்தது. அந்தச் சராசரி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகத் தவறாக இருந்தது என்பதை அந்நிறுவனம் அவ்வாண்டில் ஒப்புக்கொண்டது. 60 முதல் 80 விழுக்காடு வரை மிகையாக இருந்திருக்கலாம் என்று ஒரு பெரிய விளம்பர நிறுவனத்திற்குச் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன.

பிழை எங்கே? ஏழாம் வகுப்பு மாணவனும் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில்தான். ஒரு வீடியோ 100 பேருடைய திரையில் ஓடியது என்று கொள்வோம். அவர்களுள் 40 பேர் 1 நொடியிலேயே நகர்ந்துவிட்டனர். 60 பேர் 10 நொடி பார்த்தனர். மொத்தம் பார்த்த நேரம் 640 நொடி. இதனை 100-ஆல் வகுத்தால் சராசரி 6.4 நொடி. பேஸ்புக்கின் கணக்கிலோ தொகுதியில் எல்லோருடைய நேரமும் சேர்ந்தது; பகுதியில் மட்டும் 3 நொடியைத் தாண்டியவர்களே இடம் பெற்றனர். 640-ஐ 60-ஆல் வகுத்தால் 10.7 நொடி வரும். ஓடிப்போனவர்களை வகுப்பிலிருந்து நீக்கிவிட்டு, அவர்கள் எடுத்த மதிப்பெண்களை மட்டும் கூட்டுத்தொகையில் வைத்துக்கொண்ட ஆசிரியரின் கணக்கு இது.

இதில் இன்னொன்றும் உண்டு. 640 என்னும் தொகை எதுவாக இருந்தாலும் சரி, மிகை எவ்வளவு என்பதை முடிவு செய்வது 100-க்கும் 60-க்கும் உள்ள விகிதம் மட்டுமே. அப்படியானால் பிழையிலிருந்து பின்னோக்கிச் சென்று ஓர் உண்மையைப் பெறலாம். மிகை 60 விழுக்காடு எனில், 100-ஐ 1.6-ஆல் வகுத்தால் 62.5, 80 விழுக்காடு எனில், 1.8-ஆல் வகுத்தால் 55.6. ஆக, நூற்றுக்கு 37 முதல் 44 பேர் வரை மூன்று நொடிகூட நிற்காமல் சென்றுவிட்டார்கள் என்று ஆகிறது. நல்ல சராசரி எந்த விவரத்தை மறைத்ததோ அதையே பிழை காட்டிக் கொடுத்துவிட்டது! ஆய்வுக்கூடத்திலும் சில வேளை இப்படி நிகழும்.

விளம்பரதாரர்கள் சிலர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். மிகை 60, 80 விழுக்காடு அன்று, 150 முதல் 900 விழுக்காடு வரை என்றும், நிறுவனத்திற்கு 2015-லேயே இது தெரியும் என்றும் அவர்கள் வாதிட்டனர். குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 2019-இல் 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள பேஸ்புக் இசைந்தது. இதற்கிடையே 2017-இல் அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் சில, எழுத்தை விட்டு வீடியோவுக்கு மாறுகிறோம் என்று அறிவித்து எழுத்தாளர்களை வேலையிலிருந்து நீக்கியிருந்தன. அதற்கு இந்த ஒரு சராசரிதான் காரணம் என்று கூறிவிட இயலாது. ஆனால் மக்கள் படிப்பதை விட்டு வீடியோ பார்க்கத் திரும்பிவிட்டனர் என்ற பேச்சுக்கு இத்தகைய எண்களே துணை நின்றன.

2016 நவம்பரில் பேஸ்புக் இன்னொரு பிழையையும் தானே வெளியிட்டது. வணிகப் பக்கங்களின் செய்தி 7 நாள்களில் எத்தனை பேரைச் சென்றடைந்தது, 28 நாள்களில் எத்தனை பேரை என்று காட்டும் சுருக்கப் பட்டியலில், ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும் அப்படியே கூட்டியிருந்தனர். திங்களன்று பார்த்தவரே செவ்வாயன்றும் பார்த்தால் அவர் இருவராகிவிட்டார். இதைத் திருத்தியபோது 7 நாள் கணக்கு சராசரியாக 33 விழுக்காடும், 28 நாள் கணக்கு 55 விழுக்காடும் குறையும் என்று அறிவித்தனர். நாள் கூடக் கூடப் பிழையும் ஏன் கூடுகிறது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள், கடினமன்று.

இவையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் சொன்னதால் தெரிந்தவை. வெளியில் இருப்பவர் சரிபார்க்க வழியே இல்லையா? ஒரு வழி 2017-இல் கிடைத்தது. அமெரிக்காவில் 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு விளம்பரம் செய்ய விரும்பினால் 4.1 கோடிப் பேரை எட்டலாம் என்று பேஸ்புக்கின் விளம்பரப் பகுதி காட்டியது. பிரையன் வீசர் என்னும் சந்தை ஆய்வாளர் மக்கள்தொகைக் கணக்கை எடுத்து அருகில் வைத்தார். அந்த வயதில் அந்நாட்டில் இருந்தவர்களே 3.1 கோடிப் பேர்தான். தங்கள் மதிப்பீடு மக்கள்தொகைக் கணக்கோடு பொருந்துவதற்காகச் செய்யப்பட்டதன்று, வெளியூர்ப் பயணிகளும் அதில் சேர்வர் என்பது போன்ற விளக்கங்களை நிறுவனம் அளித்தது. இருக்கலாம். ஆயினும் குடத்தின் கொள்ளளவை மிஞ்சித் தண்ணீர் இருப்பதாகக் காட்டும் அளவுகோலை நான் மாணவர்களிடம் கொடுக்கமாட்டேன்.

இது ஒரு நிறுவனத்தின் நேர்மையைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. செய்தித்தாள்களும் தம் விற்பனையை மிகைப்படுத்திச் சொல்லக்கூடியவைதாம். அதனால்தான் நம் நாட்டில் 1948-இல் ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ் என்ற அமைப்பு உருவாயிற்று. பத்திரிகை நடத்துவோரும் விளம்பரம் கொடுப்போரும் சேர்ந்து உறுப்பினராக இருந்து, தணிக்கையாளரைக் கொண்டு பிரதிகளை எண்ணச் செய்யும் ஏற்பாடு அது. தராசை வைத்திருப்பவரே முத்திரையும் குத்திக்கொள்ளக் கூடாது என்பது கடைத்தெருவில் என்றோ ஏற்கப்பட்ட வழக்கம். வலைத்தள விளம்பரத்தில் இது மிகத் தாமதமாக வந்தது. பேஸ்புக்கும் யூடியூபும் வெளித் தணிக்கைக்கு உடன்படுவதாக அறிவித்தது 2017-இல்தான். அத்தணிக்கையும் கருவி சரியாக எண்ணுகிறதா என்று பார்க்குமே ஒழிய, எண்ணப்பட்டவர் எண்ணெய் வாங்கினாரா என்று பார்க்காது.

அதை அறிய ஒப்பீட்டுச் சோதனை ஒன்றே வழி. ஈபே நிறுவனம் 2012-இல் இதைச் செய்துகாட்டியது. அது செய்தது சமூக ஊடக விளம்பரம் அன்று, தேடுபொறி விளம்பரம். எனினும் முறை ஒன்றுதான். 'ஈபே' என்ற பெயரையே தட்டித் தேடுபவர்களுக்குக் காட்டப்படும் கட்டண விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். இழந்த வருகையில் 99.5 விழுக்காடு, விளம்பரத்தின் கீழே இலவசமாகத் தெரிந்த இணைப்பின் வழியாகவே வந்து சேர்ந்தது! எப்படியும் வரப்போகிறவர்களுக்காக வாசலில் ஆளை நிறுத்திக் கூலி கொடுத்த கதைதான். பிறகு அமெரிக்காவின் பகுதிகளுள் சுமார் 30 விழுக்காட்டைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கு மட்டும் மற்றத் தேடுசொற்களுக்கான விளம்பரத்தையும் 60 நாள் நிறுத்தினார்கள். விற்பனையில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி இல்லை. பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் ஆகியோர் எழுதிய இந்த ஆய்வு 2015-இல் 'எக்கனோமெட்ரிக்கா' இதழில் வெளியாயிற்று.

இதைப் படித்துவிட்டு விளம்பரமே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈபேயை முன்பே அறிந்தவர்களிடம்தான் விளம்பரம் பயன்படவில்லை. அதுவரை வாங்காதவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் அதற்கு ஓரளவு விளைவு இருந்தது. பெயரே தெரியாத செக்குக்காரருக்கு முடிவு நேர்மாறாகவும் அமையலாம். அவர் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதைத்தான் என் மாணவரிடம் சொன்னேன். நாற்பதாயிரம் என்ற எண்ணை மறந்துவிட்டு, கடைக்கு வரும் வாடிக்கையாளரை எண்ணச் சொன்னேன். வாரத்துக்குச் சுமார் 100 பேர் வருவதாகச் சொன்னார். இத்தகைய எண்ணிக்கையில், எந்தக் காரணமும் இல்லாமலே வர்க்கமூலத்தின் அளவுக்கு, அதாவது பத்துப் பேர் அளவுக்கு, ஏற்ற இறக்கம் இருக்கும். ஆகவே ஒரு வாரம் 110 பேர் வந்ததைக் கண்டு விளம்பரத்தின் வெற்றி என்று மகிழ்வதற்கு இடமில்லை. கதிரியக்கத் துகள்களை எண்ணும் கருவியில் நாங்கள் நாள்தோறும் காணும் விதிதான் இது. எட்டு வாரம் விளம்பரத்தோடும் எட்டு வாரம் விளம்பரமின்றியும் எண்ணினால், ஒவ்வொன்றும் 800. அவற்றின் வேறுபாட்டில் இயல்பான ஆட்டம் 40 பேர். எனவே விளம்பரம் நூற்றுக்குப் பத்துப் பேரைக் கூட்டித் தருகிறதென்றால், அது ஓரளவு புலப்பட்டுவிடும். நூற்றுக்கு இரண்டு பேர் என்றால் புலப்படாது; ஆனால் அப்படிப்பட்ட பயனுக்கு அவர் ஒவ்வொரு முறையும் மூவாயிரம் கட்டுவாரா என்பது வேறு கேள்வி.

வாரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்க வேண்டாம் என்றேன். சம்பளம் வாங்கும் முதல் வாரத்தில் எண்ணெய் வாங்குவோர் மிகுதி. இரண்டிரண்டு வாரங்களாகப் பிரித்து, எந்த வாரம் விளம்பரம் என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்ய வேண்டும். பண்டிகை வாரத்தைச் சேர்க்கக் கூடாது. கல்லாவில் இருந்து எண்ணுபவருக்கு அது எந்த வாரம் என்று தெரியக் கூடாது. இந்த வாரம் பார்த்தவர் அடுத்த வாரம் வந்து வாங்கினால் கணக்கு சற்றுக் குழம்பும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

இப்போது பதினோராவது வாரம் நடக்கிறது. எண்ணுவது அவருடைய துணைவியார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கோடாகப் போட்டு வருகிறார். நாணயம் பூவா தலையா என்று அவரிடம் சொல்வதில்லை. பதினாறு வாரம் முடியும்வரை கூட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. சென்ற ஞாயிறன்று மாணவர் தொலைபேசியில் அழைத்து, "சார், ஒரே ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.