கசப்பிலையும் 107 பேரும்

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியிலும் கரூ வறண்ட நிலத்திலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர்ச்செடி வளர்கிறது. சாம்பல் பூத்த சிற்றிலைகள், செக்கச்செவேலென்ற பூக்கள், பலூன்போல் உப்பிய, காற்றடித்தால் உருண்டோடும் காய்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதன் பெயர் ‘கான்கர்போஸ்’, அதாவது புற்றுச்செடி. தாவரவியலாருக்கு இது சதர்லாண்டியா. இலையைக் காய்ச்சி எடுக்கும் கசப்புக் கஷாயத்தைக் காய்ச்சல், வயிற்றுக்கோளாறு, நீரிழிவு, உடல் மெலிவு எனப் பலவற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருகிறார்கள்.

எச்.ஐ.வி. பரவியபோது இந்தச் செடி மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது. காலமும் அதற்குத் தோதாக இருந்தது. வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரவலாக்க அன்றைய அரசு தயங்கியது. சுகாதார அமைச்சர் மாண்டோ ஷபலாலா-ம்சிமாங் பூண்டையும் பீட்ரூட்டையும் முன்னிறுத்தினார். அந்தத் தயக்கத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். எனவே இந்தச் செடிக்கான சான்றுகளை எடைபோடுவது வெறும் ஏட்டு விவாதமல்ல.

முதல் சான்று சோதனைக்கூடத்திலிருந்து வருகிறது. இலையில் பினிட்டால், காபா, சதர்லாண்டியோசைடுகள், கேனவனைன் ஆகிய வேதிப்பொருட்கள் இருக்கின்றன. சாறு பட்டால் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றணுக்களின் பெருக்கம் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் தட்டில் உப்பைக் கொட்டினாலும் செல் சாகும். கேனவனைனையே எடுத்துக்கொள்வோம். நம் வாளவரையின் பேரினமான கேனவாலியாவின் பெயரிலிருந்துதான் அதற்கே பெயர் வந்தது. ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்தை அது ஏறக்குறைய அச்சாக ஒத்திருப்பதால், செல் ஏமாந்து அதைப் புரதத்தில் கோத்துவிடுகிறது, புரதம் பழுதாகிறது. புற்றணு ஏமாறும் இடத்தில் நல்ல அணுவும் ஏமாறலாம். கேனவனைன் மிகுந்த குதிரைமசால் முளைகளைத் தின்ற குரங்குகளுக்கு, எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது 1980-களிலேயே பதிவாகியிருக்கிறது. போதாக்குறைக்கு, செடி வளரும் இடத்தைப் பொறுத்து இந்தப் பொருட்களின் அளவும் மாறுகிறது.

இரண்டாவது, 2007-இல் வெளியான பாதுகாப்புச் சோதனை. நலமாக இருந்த 25 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இலைப்பொடியும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்தார்கள். பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை. இலைப்பொடி சாப்பிட்டவர்கள் பசி நன்றாக எடுத்ததாகச் சொன்னார்கள். சோதனை ஒழுங்கானதுதான். ஆனால் நூற்றில் ஒருவருக்கு வரும் தீங்கு 25 பேரில் தலைகாட்டாமலே போகலாம்.

மூன்றாவதுதான் கனமானது. 2015-இல் வெளியான அந்தச் சோதனையில் எச்.ஐ.வி. தொற்று இருந்தும் அன்றைய விதிப்படி கூட்டு மருந்து தொடங்கும் நிலைக்கு வராத 107 பேரின் தரவுகளை ஒப்பிட்டார்கள். ஒரு சாராருக்கு வேளைக்கு 1,200 மில்லிகிராம் இலைப்பொடி, மறுசாராருக்கு வெற்று மாத்திரை, நாளுக்கு இரு வேளை, 24 வாரம். வைரஸ் அளவு அசையவில்லை. நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 செல்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடில்லை. தொற்றுநோயோடு கழிந்த நாட்களோ வெற்று மாத்திரைக் குழுவில் சராசரி 5, இலைக் குழுவில் 9. இலைக் குழுவில் காசநோய்த் தடுப்புக்கு ஐசோனியசிட் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவருக்குக் காசநோய் வந்ததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இருவர் என்பது சிறிய எண். அதை வைத்து இலை ஐசோனியசிட்டை முடக்கியது என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய் வாரிக்கொண்டுபோகும் நாட்டில் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. ஐயம் தீரும்வரை இரண்டையும் சேர்த்துச் சாப்பிடாமல் இருப்பதே நியாயம்.

செடியின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, அது வலுவானதே. எச்.ஐ.வி. சில பத்தாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட வைரஸ். இந்த இலை அதைக் குறைக்கும் என்று எந்தப் பாட்டியும் சொல்லியிருக்க முடியாது. மெலிந்து படுத்தவருக்குக் கொடுத்த இலையை இந்தச் சோதனையில் நடமாட்டத்தோடு இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுப்பது அறமல்ல என்பதால் இது தவிர்க்க முடியாத குறை. ஆனாலும் குறை குறைதான்: தோற்றது பிற்காலத்தில் செடியின் மேல் ஏற்றிய வாக்கு, பழைய வழக்கம் இந்தச் சோதனைக்கே வரவில்லை.

ஆகவே என் முடிவு இது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்தின் இடத்தில் இந்தச் செடிக்கு இடமில்லை; அந்த வழக்கு முடிந்தது. புற்றுநோய்க்குப் பெயர்தான் இருக்கிறது, மனிதரிடம் நிறுவிய சான்று இல்லை. பசி பற்றிய அந்தச் சிறு குறிப்பு மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த சோதனைக்குப் பணம் இருந்தால் அதை அங்கே செலவிடலாம்: சிகிச்சையை நிறுத்தாமல், அதோடு இந்த இலையையும் சேர்த்து, மெலிந்தவர் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்கலாம்.