பஸ் போர்டு மலையாளத்தை ரசிப்பது எப்படி?

பாலக்காடு, இடுக்கி எல்லையில் பஸ்ஸுக்கு நிற்கும் தமிழர் பலர் மலையாள போர்டைப் பார்த்ததும் ‘ஜிலேபி எழுத்து’ என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரிடம் ஊர் பெயரைக் கேட்பார்கள். மொத்தமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பாருங்கள்.

சீன எழுத்து பழகுபவர்களுக்கும் இதுதான் வழி. இடப்பக்கம் மூன்று சிறு கோடுகள் இருந்தால் ஆறு, கடல், ஏரி என நீர் சார்ந்த சொல் என்று ஊகிக்கலாம். 1716-ல் வெளிவந்த காங்ஷி அகராதி எழுத்துகளை இப்படி 214 உறுப்புகளின்கீழ் வகைப்படுத்தியது. அங்கே இந்த உறுப்பு பொருளுக்குத் துப்பு கொடுக்கும். மலையாளத்தில் உறுப்புகள் ஒலியைக் காட்டும்.

முதலில் தெரிந்த முகத்தைத் தேடுங்கள். ‘பொள்ளாச்சி’ என்ற போர்டில் முதல் எழுத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால்; நம் ‘பொ’வேதான். இரண்டு எழுத்துக்கும் கிரந்தத்தோடு உறவு உண்டு. அடுத்து, ‘ச்சி’யைக் கவனியுங்கள். இரண்டாவது ‘ச’வைத் தனியாக எழுதாமல், முதல் ‘ச’வின் காலடியில் சிறு முக்கோணம் போட்டிருப்பார்கள். பாலக்காடு, இடுக்கி இரண்டிலும் வரும் ‘க்க’வும் இப்படி ஒட்டிப் பிறந்த கூட்டெழுத்துதான்.

இனி சொல்லின் கடைசிக்கு வாருங்கள். மூணாறு, மறையூர், வாளையார், சித்தூர் நான்கும் மலையாளத்தில் ‘ர்’ ஒலியில் முடியும். அங்கே புள்ளி இருக்காது. எழுத்தே வாலை மேலே சுழற்றி நிற்கும். இதற்குச் ‘சில்லு’ என்று பெயர். ண், ன், ல், ள் ஆகியவற்றுக்கும் சில்லு உண்டு. பாலக்காட்டின் கடைசி எழுத்தின் தலையில் இருப்பதோ சந்திரக்கலை என்னும் பிறை. பல இடங்களில் அது நம் புள்ளியின் வேலையைச் செய்கிறது. இங்கேயோ ‘ட்’டுக்கும் ‘டு’வுக்கும் நடுவே ஒலிக்கிறது. நம் குற்றியலுகரத்தை அவர்கள் கண்ணால் பார்க்கும்படி எழுதுகிறார்கள்!

பழைய புத்தகம் கையில் கிடைத்தால் ‘கு’வைத் தேடுங்கள். உகரக் குறி ‘க’வோடு ஒரே வடிவமாகப் பிணைந்திருக்கும். 1971-ல் கேரள அரசு கொண்டுவந்த சீர்திருத்தம் அதைப் பிரித்து வலப்பக்கம் நிறுத்தியது. பல கூட்டெழுத்துகளையும் சந்திரக்கலை போட்டு உடைத்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் தேவையான எழுத்து வடிவங்கள் குறைந்தன. 1978-ல் நம் ‘லை’ தும்பிக்கையை இழந்ததும் இதே வகைச் சிக்கனம்தான். ஆனால் அழகு என்று பார்த்தால் பழைய ‘கு’வுக்கே என் ஓட்டு.

தேர்வுக்கு ‘நெடுங்கண்டம்’ போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் கொம்பு, நடுவில் உகரம், ஒட்டிய ‘ங்க’, ஒட்டிய ‘ண்ட’, கடைசியில் ‘ம்’முக்குப் பதில் ஒரு சின்ன வட்டம். ஐந்தையும் கண்டுபிடித்துவிட்டால் கண்டக்டரிடம் டிக்கெட் மட்டும் கேட்டால் போதும்.