காஷ்மீர்ச் சால்வையின் உள்பக்கம்

காஷ்மீர்ச் சால்வையை மதிக்கத் தெரிந்தவர்கள் அதைக் கையில் வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பார்கள். பூ தறியில் பிறந்ததா, ஊசியில் பிறந்ததா, விசைத்தறியில் வந்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இந்த மரபின் மூத்த வழி கானி. இதில் நாடாவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வீசி நெய்வதில்லை. கானி எனப்படும் சிறு மரக்குச்சிகளில் நிறத்துக்கு ஒன்றாக நூலைச் சுற்றிக்கொண்டு, அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் பாவிழைகளுக்குள் நுழைத்துத் திருப்புவார்கள். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஊடைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நக்காஷ் என்னும் ஓவியர் வரைந்த பூ, படமாகத் தறிக்கு வருவதில்லை. எந்த நிறம் எத்தனை இழை என்று வரிவரியாகக் குறியெழுத்தில் எழுதிய தாலிமாக வரும். ஒருவர் அதை ராகம்போல் உரக்கப் படிக்க, தறியில் இருப்பவர்களின் விரல்கள் பின்தொடரும். சால்வையின் நல்ல பக்கம் தரையை நோக்கியிருக்கும். நெய்பவர் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது உள்பக்கத்தைத்தான். 1820களில் ஸ்ரீநகரில் தங்கிய ஆங்கிலேயப் பயணி மூர்கிராஃப்ட் இதைக் கண்டு குறித்திருக்கிறார். குல்மார்க் போகும் வழியிலுள்ள கானிஹாமாவில் இன்றும் இத்தறிகள் ஓடுகின்றன. நிறைய பூ உள்ள ஒரு சால்வை முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

சோஸ்னி என்னும் ஊசிவேலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகத்தில் பெருகியது. தறிச் சால்வைக்கு விதித்த வரி அப்போது ஊசிச் சால்வைக்கு இல்லை, விலையும் குறைவு. மலிவுக்காக வளர்ந்த வழியென்று அதைத் தாழ்த்த எனக்கு மனம் வராது. தேர்ந்த கைவினைஞரின் தொரூகா சால்வையில் இரு பக்கமும் முகப்புத்தான். அக்பர் சால்வைகளை இரட்டையாக அணியத் தொடங்கினார் என்கிறது அய்ன்-இ-அக்பரி. உள்பக்கம் தெரியாமல் இரண்டை முதுகோடு முதுகு தைத்து அணியும் தோஷாலா மரபு ஒன்று உண்டு. அந்த மறைப்பே தேவைப்படாத அளவுக்கு ஊசிக்காரர்கள் வேலையைக் கொண்டுபோனார்கள்.

இவ்வளவு நுட்பம் செய்தவர்கள் நன்றாக வாழவில்லை. சால்வை வரியின் சுமை தாங்காமல் 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் சால்தாகரில் நெசவாளர்கள் திரண்டபோது படை ஏவப்பட்டு உயிர்கள் போயின. 1870இல் பிரான்ஸ்–பிரஷ்யா போர் வந்து ஐரோப்பியச் சந்தையும் சரிந்தது. பழைய சால்வை எதைத் தொட்டாலும் இந்த நினைவு சேர்ந்தே வரவேண்டும்.

தரத்துக்கு வருவோம். லடாக்கின் சாங்தாங்கில், 4,000 மீட்டருக்கு மேலான குளிரில் வாழும் ஆட்டின் அடிமயிரே பஷ்மினா. தடிமன் 16 மைக்ரானுக்குள் இருக்கவேண்டும். பெண்கள் ராட்டையில் கையால் நூற்று, கைத்தறியில் நெய்தால்தான் 2008இல் பெற்ற புவிசார் குறியீட்டுக்கு அது தகும். ஆலை நூலில் இழை அறுபடாமலிருக்க நைலான் கலந்து, பிறகு அமிலத்தில் கரைப்பதுண்டு. அதில் துணியின் ஆயுள் குறைகிறது. மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டும் சோதனையை நம்பவேண்டாம். மெல்லிய துணி எதுவும் அதில் நுழையும். வெளிச்சத்தில் பிடித்தால் கைநூலில் மெலிவும் தடிப்பும் மாறிமாறித் தெரியும். விசைத்தறியில் வந்த கானி மாதிரியைத் திருப்பினால், முதுகில் நீளமாக ஓடும் ஊடைகள் வெட்டுப்பட்டிருக்கும். கைக்கானியில் அப்படி இராது. ஷாதூஷ் என்று யாராவது ரகசியமாக நீட்டினால் விலகிவிடுங்கள். சிரு மானைக் கொன்றே அந்த மயிரை எடுக்கிறார்கள். வாங்குவதும் விற்பதும் குற்றம்.

அணியும்போது கானிக்குப் பூவில்லாத ஒற்றை நிற உடைதான் பொருந்தும். கல்யாணத்துக்குக் கனத்த சரிகைப் பட்டுமேல் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். நீளவாக்கில் மடித்து ஒரு தோளில் இட்டு, பல்லா எனும் தலைப்புப் பூ முழுவதும் முன்னால் விழ விடுங்கள். உடை ஊசி குத்தாதீர்கள். அத்தரைச் சால்வைமேல் தெளிக்காமல் உடலில் பூசி, காய்ந்தபின் போர்த்துங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் பூச்சிதான் பெரும் பகை. அணிந்த சால்வையை நிழலில் ஆறவிட்டு, வெளுத்த மல் துணியில் சுற்றி, பக்கத்தில் வேப்பிலையோ கிராம்போ தனி முடிச்சாக வைக்கலாம். பிளாஸ்டிக் பை கூடாது. அலசவேண்டி வந்தால் பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த நீரில் அமுக்கி எடுங்கள். பிழியவோ கொடியில் தொங்கவிடவோ வேண்டாம், துண்டின்மேல் பரப்பினால் போதும். சாயம் பல நிறமான பழைய கானியை வீட்டில் நனைக்கவே வேண்டாம். ஓட்டை விழுந்தால் தையற்கடைக்குக் கொண்டுபோகாமல் ரஃபூகரிடம் கொடுங்கள்; அவர் அதே தடிமன் நூலால் இழையிழையாகக் கோத்து மூடுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, முன்பு மடிந்த இடத்தில் மறுபடி மடிப்பு விழாமல் மாற்றி மடித்து வையுங்கள்.