நன்னூல் பொதுப்பாயிரமும் இன்றைய கல்லூரி மொழிப்பாட விதிகளும்

முன்னுரை

கல்லூரிகளில் மொழிப்பாடம் தொடங்கும் முதல் வாரத்தில் பாடத்திட்டத்தோடு விதிகளும் மாணவர்க்கு அறிவிக்கப்படுகின்றன. வருகைப்பதிவு எவ்வளவு இருத்தல் வேண்டும், ஒப்படைப்பை எந்நாளில் தருதல் வேண்டும், காலந்தாழ்த்தினால் எத்தனை மதிப்பெண் குறையும், பிறர் எழுத்தைப் படியெடுத்தால் என்ன நேரும் என்பன அவ்விதிகளின் பொருள். படிக்கவும் எழுதவும் இடர்ப்படும் மாணவர்க்குத் துறை என்ன உதவி செய்யும் என்பது பெரும்பாலும் அவற்றுள் இடம்பெறுவதில்லை. மொழிப்பாடத்தைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று. பிற பாடங்களில் மொழி ஒரு கருவி. மொழிப்பாடத்திலோ மாணவர்க்கு இல்லாத திறனே கற்பிக்கப்பட வேண்டிய பொருள். அத்திறன் இல்லாமைக்குத் தண்டனை வகுக்கும் விதி பாடத்தின் நோக்கத்தையே மறுக்கிறது.

மாணவரை ஏற்பது, விலக்குவது, அவர்க்குத் துணைநிற்பது ஆகியன குறித்துத் தமிழில் விரிவாகப் பேசும் இலக்கணப் பகுதி நன்னூலின் பொதுப்பாயிரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூலைச் செய்வித்தவன், இன்றைய கருநாடகத்தின் கோலார்ப் பகுதியோடு தொடர்புடைய கங்கர் மரபில் வந்த சீயகங்கன். எனவே தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழ் கற்பிப்போர்க்கு இப்பாயிரம் இருமடங்கு நெருக்கமுடையது. பாயிரத்தைப் பண்டைக் கல்வியியல் என்று போற்றும் கட்டுரைகள் பல உள்ளன. அதனை ஒரு விதித்தொகுப்பாகக் கொண்டு, அதன் நிறைகுறைகளை இன்றைய விதிகளோடு வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயிலாக நிற்கும் பாயிரம்

பொதுப்பாயிரம் நூல், ஆசிரியர், பாடஞ்சொல்லல், மாணாக்கர், பாடங்கேட்டல் என்னும் ஐந்தன் வரலாறுகளை உரைக்கிறது. இவற்றுள் மாணாக்கர் பற்றிய பகுதி மூன்று செயல்களைச் செய்கிறது. யார்க்குக் கற்பிக்கலாம் என்று கூறுகிறது; கற்போரைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரிக்கிறது; யார்க்குக் கற்பித்தல் ஆகாது என்று விலக்குகிறது.

கற்பிக்கத்தக்கோர் வரிசையில் தன் மகனும் தன் ஆசிரியரின் மகனும் அரசன் மகனும் மிகுந்த பொருள் தருவோனும் இடம்பெறுகின்றனர். வழிபடுவோனும் சொல்லியதை ஏற்றுக்கொள்ளும் ஆற்றலுடையோனும் உடன் வருகின்றனர். பிறப்பும் செல்வமும் ஒரு பக்கம், பணிவும் அறிவாற்றலும் மறுபக்கம் என இரு அளவுகோல்கள் ஒரே நூற்பாவில் கலந்து நிற்பதைக் காணலாம். கல்வி ஆசிரியர் வீட்டைச் சார்ந்திருந்த காலத்தின் நடைமுறை இது.

தரம் பிரிக்கும் பகுதி உவமைகளால் நடைபெறுகிறது. அன்னமும் ஆவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. உவமைகள் நுட்பமானவை என்பதில் ஐயமில்லை. ஒரு செடியிலும் நிலைத்து மேயாமல் செடிதோறும் தாவும் ஆட்டையும், நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரியையும் எந்த ஆசிரியரும் தம் வகுப்பில் அடையாளம் காண்பார். எனினும் ஓர் இடர் உண்டு. இவ்வுவமைகள் ஒரு காலத்தின் நிலையை மாணவரின் இயற்கையாக மாற்றிவிடுகின்றன. முதற்பருவத்தில் இல்லிக்குடமாக இருப்பவர் மூன்றாம் பருவத்தில் அவ்வாறு இருப்பதில்லை. அவர் வழியாக ஒழுகியது அவர்க்குப் பொருந்தாத வேகத்தில் ஊற்றப்பட்ட நீராகவும் இருக்கலாம்.

விலக்கும் பகுதியே மிகுந்த கவனத்திற்குரியது. கள்ளுண்டு களிப்பவன், திருடன், சினத்தன், வஞ்சகன் போன்றோர் அங்கு விலக்கப்படுகின்றனர். இவை ஒழுக்கம் பற்றியன. ஆனால் அதே வரிசையில் நோயுற்றவனும் அறிவு மந்தமானவனும் பழைய நூல்களின் கடுமைக்கு அஞ்சித் தடுமாறுபவனும் வைக்கப்பட்டுள்ளனர். இவை நிலைமை பற்றியன. தான் தேர்ந்த செயலால் குற்றப்பட்டவரையும் தன் தேர்வின்றி வந்த நிலையால் இடர்ப்படுபவரையும் பாயிரம் வேறுபடுத்தவில்லை. கல்வி மிகுதியும் தேவைப்படுவோரே கல்விக்கு ஆகாதோராக வரையறுக்கப்படும் முரண் இங்கு நேர்கிறது.

இக்குறையைச் சுட்டும்போதே பாயிரத்தின் நடுவுநிலையையும் சுட்டுதல் வேண்டும். அது மாணவரை மட்டும் எடைபோடவில்லை, ஆசிரியரையும் எடைபோடுகிறது. நிலம், மலை, நிறைகோல், மலர் என நல்லாசிரியர்க்கு உவமை கூறியபின் ஆசிரியர் ஆகாதார்க்கும் நான்கு உவமைகள் கூறுகிறது. இட்ட முறை பிறழ வெளிவிடும் கழற்காய்க் குடம், அடையவிடாது தானாக விழுந்ததை மட்டும் தரும் மடல் சூழ்ந்த பனை, சிறிது சிறிதாகவே உள்வாங்கிச் சிறிது சிறிதாகவே தரும் பருத்திக் குண்டிகை, நீர் வார்த்தவனை விட்டுப் பிறர்க்குப் பயன்தரும் வளைந்த தெங்கு என்பன அவை. இன்றைய விதித்தாளில் மாணவர் குற்றங்களுக்கு எண்ணிட்ட பட்டியல் உண்டு. ஆசிரியர் குற்றங்களுக்கு ஒரு வரியும் இல்லை. இவ்வகையில் பவணந்தியார் நம்மினும் நேர்மையானவர் எனலாம்.

வழியாக நிற்கும் பாயிரம்

ஏற்றுக்கொண்ட மாணவரை எவ்வாறு கொண்டுசெலுத்துவது என்னும் பகுதியில் பாயிரம் வேறொரு முகம் காட்டுகிறது. ஆசிரியர் சொல்லவேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, விரைவும் வெகுளியும் இன்றி, விருப்பத்தோடு, கற்பவர் எவ்வகையில் ஏற்பாரோ அவ்வகை அறிந்து கற்பிக்கவேண்டும் என்கிறது. ஏற்கும் வகையை அறியும் பொறுப்பு இங்கு ஆசிரியரிடம் வைக்கப்படுகிறது. கடைமாணாக்கர் பற்றிய உவமைகளோடு இதனைச் சேர்த்துப் படித்தால் பாயிரத்தின் உள்முரண் புலப்படும். ஏற்கும் வகை ஆள்தோறும் வேறுபடும் என ஒப்புக்கொண்ட பின்னர், ஒருவகையில் ஏற்காதவரைக் கடை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது.

பாடங்கேட்டல் பகுதியில் கூறப்படும் கணக்கு இன்னும் சிறப்புடையது. ஒரு நூலை இரண்டாம் முறை கேட்பவரிடம் பிழை பெரிதும் நீங்கும். மூன்றாம் முறை கேட்பவர் அதனைப் பிறர்க்கு முறையாக எடுத்துரைப்பார் என்கிறது. ஒருமுறை கேட்டுத் தேறாமை இங்குக் குற்றமன்று. மீண்டும் கேட்டல் கல்வியின் இயல்பான படிநிலை. அடுத்து, ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்று பகுக்கிறது. ஆசிரியர் தம் பங்கை நான்கில் ஒன்றாகக் குறுக்கிக்கொள்ளும் இத்துணிவு வியக்கத்தக்கது. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்த மரபும் இதனோடு ஒத்தது. சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை 1797இல் நூலாக வெளியிட, அது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்னும் பெயரால் பரவியது.

இன்றைய விதிகள்

இவ்விரு முகங்களுள் எதனை நம் விதிகள் பின்பற்றுகின்றன என்பதே கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் அறிமுகப்படுத்திய விருப்பத்தேர்வு அமைப்பில் இந்திய மொழிகள் திறன் மேம்பாட்டுக் கட்டாயப் பாடமாக இடம்பெற்றன. 2022 டிசம்பரில் வெளியான இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம் மூன்றாண்டுப் படிப்பின் 120 தகுதிப்புள்ளிகளில் 8ஐத் திறன் மேம்பாட்டுப் பாடங்களுக்கு ஒதுக்கியது. ஆய்ந்து படித்தலும் விளக்கி எழுதுதலும் இதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. நோக்கம் உயர்ந்தது, ஒதுக்கிய இடம் சிறிது.

தமிழ்நாட்டிற்கு வெளியே இவ்வகுப்பில் அமர்வோர் ஒருபடித்தானவர் அல்லர். பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் கற்றவரும், வீட்டில் தமிழ் பேசியும் எழுத்தறியாதவரும், தம் மாநில மொழியின் எழுத்தில் தேர்ந்து தமிழ் எழுத்தை இப்போதுதான் கூட்டிப் படிப்பவரும் ஒரே பலகையில் உள்ளனர். வல்லின எழுத்து ஒன்றே இடத்திற்கேற்ப வல்லொலியாகவும் மெல்லிய ஒலியாகவும் நிற்பது, ஒலிதோறும் தனியெழுத்துடைய கன்னடத்திலோ இந்தியிலோ பழகியவரைத் தடுமாறச் செய்கிறது. பேச்சுத்தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு எழுத்துத்தமிழின் வினைமுற்றுகளே புதியவை. இவர்கள் அனைவர்க்கும் ஒரே நாளில் ஒரே ஒப்படைப்பைக் கேட்டு, சந்திப்பிழைக்கும் பேச்சுவடிவிற்கும் ஒரே அளவில் மதிப்பெண் குறைப்பது சமநீதி போலத் தோன்றும். உண்மையில் அது முன்பே கற்றவர்க்குப் பரிசும் இப்போது கற்கவந்தவர்க்குத் தண்டனையும் ஆகும். பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் காலத்தின் இயல்பு, வழுவன்று எனத் தன் இறுதி நூற்பாவில் ஏற்கும் நன்னூலைப் பாடமாக வைத்துக்கொண்டே, 'வர்றாங்க' என எழுதியவரின் தாளில் வட்டமிட்டு அமைகிறோம். அவ்வடிவம் பேச்சில் வழங்குவது, எழுத்தில் 'வருகிறார்கள்' ஆகும் என்னும் விளக்கமே அங்குத் தேவையான பாடம்.

படியெடுத்தல் பற்றிய விதி இரண்டாவது சிக்கல். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை, ஒப்புமை 10 விழுக்காடுவரை இருப்பின் தண்டனை இல்லை என்றும், அதற்குமேல் 40, 60 விழுக்காடு என்னும் எல்லைகளில் படிநிலைத் தண்டனை என்றும் வகுத்தது. அது ஆய்வேடுகளையும் வெளியீடுகளையும் குறித்து எழுந்தது. ஒப்படைப்புகளையும் பருவக் கட்டுரைகளையும் விடைத்தாள்களையும் வெளிப்படையாக விலக்கியுள்ளது. எனினும் அதன் சொற்களும் அச்சமும் இளநிலை வகுப்புவரை இறங்கிவந்துள்ளன. முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் அவ்வாறே எடுத்தாளுதல் அவர்க்குச் செய்யும் மதிப்பு என்பது நன்னூல் மரபு. உரைநூல்களை மனப்பாடம் செய்து அவ்வாறே எழுதியவர்க்கு முழுமதிப்பெண் தந்தது நம் பள்ளித்தேர்வு. அம்மாணவர் கல்லூரியில் அதையே செய்யும்போது திருட்டு என்னும் சொல்லை முதன்முதலாகக் கேட்கிறார். மேற்கோள் காட்டும் முறை கற்பிக்கப்பட்ட பின்னரே அதனை மீறுதல் குற்றமாக முடியும். பாயிரம் கூறும் எழுவகை மதங்களான உடன்படல், மறுத்தல் முதலியன, பிறர் கருத்தை எடுத்துக்கொண்டு தம் கருத்தை நிறுவும் பயிற்சிக்கு ஆயத்தமான பாடமாகும். அவற்றை வரையறை கேட்கும் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருக்கியது நம் செயல்.

மூன்றாவது, விலக்களித்தல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் உதவி ஆகியவற்றோடு இரண்டாம், மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்களித்தலையும் அரசு செய்யத்தக்க நடவடிக்கையாக அதன் பதினேழாம் பிரிவு குறிக்கிறது. விலக்கு மாணவரின் உரிமை. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் கூடுதல் நேரத்திற்கும் எழுதுவோர்க்கும் ஒலிவடிவப் பாடத்திற்கும் முயற்சி வேண்டும். விலக்கிற்கு ஒரு கையொப்பம் போதும். எளியது என்பதற்காக விலக்கு ஒன்றையே நிறுவனம் முன்வைக்குமாயின், நோயுற்றவனையும் மந்தனையும் வெளியே நிறுத்திய பழைய வாயில் கனிவான சொற்களோடு மீண்டும் அடைக்கப்படுகிறது. தமிழ் கற்க விரும்பும் அம்மாணவரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

விதியும் துணையும்

விதிகளே வேண்டாமெனின் உரிய நாளில் உழைத்து எழுதியவர்க்கு அநீதி நேரும் என்னும் மறுப்பு எழும். அது ஏற்கத்தக்க மறுப்பே. ஒழுக்கத்தைப் பற்றிய விதியைத் தளர்த்த வேண்டியதில்லை. பாயிரம் கலந்துவைத்த இரண்டையும் பிரித்தால் போதும். அறிந்தே பிறர் கட்டுரையைத் தம் பெயரில் தருவது ஒழுக்கம் பற்றியது. மேற்கோள்குறி இடத் தெரியாமை நிலைமை பற்றியது. முன்னதற்குத் தண்டனை, பின்னதற்குப் பாடம்.

துணைக்கான திட்டத்தைப் பாயிரத்தின் கணக்கிலிருந்தே வகுக்கலாம். மும்முறை கேட்டல் என்பதை மும்முறை எழுதுதலாகக் கொண்டு, முதல் வரைவிற்கு மதிப்பெண் இன்றிக் குறிப்பு மட்டும் தந்து, மூன்றாவதற்கே மதிப்பெண் வழங்கலாம். குன்றக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் முதலிய பத்துக் குற்றங்களை அக்குறிப்பின் அளவுகோலாக்கலாம். 'நடை சரியில்லை' என்னும் பொதுக்குறிப்பைவிட அவை மாணவர்க்குப் பயன்படும். உடன் பயில்வோரின் காற்பங்கிற்கு இணைந்து படித்தலையும் ஒருவர் வரைவை மற்றவர் திருத்தலையும் விதியே அனுமதித்தல் வேண்டும். எடுத்துரைக்கும் அரைப்பங்கிற்கு, எழுதியதை வகுப்பில் விளக்கும் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு போதும். கணிப்பொறியே கட்டுரை எழுதித்தரும் இக்காலத்தில், கட்டுரை மாணவருடையதா என அறியவும் இதனினும் நேரிய வழி இல்லை. நாற்பது, ஐம்பது பேர் அமரும் வகுப்பில் ஒருவரே இவற்றைச் செய்தல் அரிது என்பது உண்மை. அதனாலேயே முதுகலை மாணவரையும் ஆய்வாளரையும் துணையாக்கி, அவ்வுழைப்பிற்கு ஊதியமோ தகுதிப்புள்ளியோ தருதல் துறையின் கடமையாகிறது.

முடிவுரை

நன்னூல் பொதுப்பாயிரம் ஒரே வேளையில் வாயிலாகவும் வழியாகவும் நிற்கிறது. வாயிலில் அது ஒழுக்கக் குற்றத்தையும் கற்றல் இடரையும் ஒன்றாகக் கருதியது. அதன் காலத்தை நோக்க அது விளங்கிக்கொள்ளத்தக்கது. வழியில் அது ஏற்கும் வகை அறிதல், மீண்டும் கேட்டல், உடன் பயிலல், எடுத்துரைத்தல் என்னும் துணைகளை வகுத்தது; அவை இன்றும் பயன்தருவன. யார்க்கும் கல்வி என்னும் கொள்கையைச் சட்டத்தால் ஏற்றுக்கொண்ட நாம், பவணந்தியாரின் வாயிலைப் புதிய விதிகளாக எழுதிவைத்துக்கொண்டு அவர் காட்டிய வழியைக் கைவிட்டிருக்கிறோம். தமிழ்நாட்டிற்கு வெளியே மொழிப்பாட வகுப்பில் சேரும் மாணவர் பலர்க்கு அதுவே தமிழ் எழுத்தோடு ஏற்படும் முதல் உறவு. வகுப்பு அவரை இழந்தால் அதுவே இறுதி உறவும் ஆகலாம். ஆதலின் அடுத்த பருவத்தின் விதித்தாளை எழுதும் துறைகள், ஒவ்வொரு தண்டனைக்கும் எதிரே அதற்குமுன் தரப்படும் துணை யாது என்பதையும் எழுதுதல் வேண்டும். எதிரே எழுத ஒன்றும் இல்லாத தண்டனையை நீக்கிவிடுதல் தகும்.