சோதித்தது ஒன்று, வெளியிடுவது இன்னொன்று

ஜாவா உலகின் பில்ட் கருவியான மேவனில் ரிலீஸ் கேண்டிடேட் விடும் வழக்கம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1.0-ஆர்சி1 என்று ஒரு ஜாரைக் கட்டுகிறோம். டெஸ்டர்கள் ரெண்டு வாரம் அதைப் போட்டு உலுக்கி 'ஓகே' சொல்கிறார்கள். அப்புறம்? பாம்.எக்ஸ்எம்எல் ஃபைலில் 'ஆர்சி1'-ஐ அழித்துவிட்டு மறுபடி பில்ட். பதிப்பு எண் ஜாருக்குள்ளேயும் பதிந்துவிடுவதால் ஃபைல் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஆக, வெளியே போவது யாருமே சோதிக்காத ஜார்! இடையில் பில்ட் சர்வரில் ஜேடிகே மாறியிருந்தால்? ரிலீஸ் ப்ளகின் டேக் போடும், ஸ்னாப்ஷாட் டிபென்டென்சி இருந்தால் தடுக்கும், இதைக் கண்டுகொள்ளாது.

அப்பாச்சி திட்டங்கள் பலவற்றில் நேராக 1.0 என்றே கட்டி ஸ்டேஜிங்கில் வைத்து, வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். தேறினால் அதே ஃபைல்தான் வெளியாகும். தேறாவிட்டால்தான் சிக்கல்: கழித்துக்கட்டிய 1.0 யாருடைய லோக்கல் ரெப்போவிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது 1.0.1-க்குத் தாவிவிடலாம், எண்ணுக்கா பஞ்சம்?