சூதாட்ட நகரில் ஓர் உள்ளூர் ரஸிகன்

லாஸ் வேகாஸ் மேடைகளைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். இறகும் ஜரிகையும், வெள்ளைப் புலியும், வரிசையாகக் கால் தூக்கும் பெண்களும். இவற்றைக் கலை என்று சொல்லிக்கொண்டு யாரும் நம்மிடம் வரவில்லை. ஆகவே கலையில்லை என்று நிரூபிக்கிற சிரமமும் நமக்கு இல்லை. ஜனரஞ்சகம் என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடலாம். அப்படி மூடுவதில் நமக்குப் பழக்கமும் உண்டு. ஆனால் அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு, அந்த மேடைகளை வருஷக்கணக்காகச் சந்தோஷத்தோடு பார்த்த ஒருவனுடைய ரஸனைக்கு என்ன பொருள் என்ற கேள்வி சில மாதங்களாக என்னை விடவில்லை.

கேள்வியைக் கிளப்பியவர் டேவ் ஹிக்கி. 2021ல் இறந்துபோன அமெரிக்கக் கலை விமர்சகர். லாஸ் வேகாஸில் வாழ்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1997ல் வெளிவந்த அவருடைய ‘ஏர் கிட்டார்’ தொகுதியில் பியானோக்காரர் லிபராச்சியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது; புலிகளை வைத்து ஜாலம் காட்டிய ஸீக்ஃப்ரீட், ராய் இருவரைப் பற்றி ஒன்று; அந்த ஊரைத் தன் வீடாகக் கொண்டதைப் பற்றி ஒன்று. அவர் வாதத்தின் சாரம் இது: அங்கே ஏறுவதற்குப் பணத்தைத் தவிர வேறு ஏணி கிடையாது. படிப்பு, குலம், பதவி என்ற கௌரவங்கள் செல்லுபடியாவதில்லை. போலி, தன்னைப் போலி என்று காட்டிக்கொண்டே நிற்கிறது. ஆகவே மற்ற ஊர்களின் உண்மைகளைவிட அது நாணயமானது.

ஹிக்கியிடம் எனக்குப் பிடித்தது அவர் தன் சந்தோஷத்துக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்பது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டோ, பாமர ரஸனையை ஆராய வந்த பண்டிதனைப் போலவோ அவர் எழுதவில்லை. ஆனால் அவர் அழுத்திச் சொல்லாத ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் திரும்பத் திரும்பப் போனவர்.

லாஸ் வேகாஸைச் சுற்றியுள்ள கிளார்க் கவுண்டியில் வசிப்பவர்கள் 22 லட்சத்துக்கு மேல். வருஷத்துக்கு வந்துபோகிறவர்கள் ஏறக்குறைய 4 கோடி. மேடை இந்த 4 கோடிப் பேருக்காகக் கட்டப்பட்டது. 1931ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. 1941ல் எல் ராஞ்சோ வேகாஸ் நகர எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் எழும்பியது. அந்த வரிசைதான் பிறகு ஸ்ட்ரிப் ஆனது. இன்றும் ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகராட்சிக்குள் இல்லை. பாட்டும் ஆட்டமும் அங்கே வந்தது சூதாட்ட மேஜைக்கு ஆள் சேர்க்க. அரங்கத்துக்குப் போகிறவன் சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும், அதன் வழியாகத்தான் திரும்பவேண்டும். காட்சியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுபடாது. மேடையில் நஷ்டம் வந்தாலும் மேஜையில் ஈடாகிவிடும். பகலெல்லாம் பேரேட்டில் பற்று வரவு பார்க்கிற எனக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரிகிறது.

இந்தப் பேரேட்டில் உள்ளூர் ரஸிகன் எந்தப் பக்கம் வருவான்? உள்ளூர்க்காரர்களுக்கான சலுகை விலையில் சீட்டு வாங்குகிறான். கை தட்டுகிறான். சூதாட்ட எந்திரங்களின் நடுவே நிற்காமல் நடந்து, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். உள்ளூர்க்காரர்கள் சூதாடாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ரிப்புக்கு வெளியே அவர்களை நம்பியே நடக்கும் கூடங்கள் உண்டு. ஆனால் காட்சிக்காக மட்டும் வந்து திரும்புகிறவன் அந்த மாலையின் கணக்கில் ஒரு நஷ்டம். பயன் கருதாத அனுபவம் என்று அழகியல் புத்தகங்கள் சொல்வது, பயனைத் தவிர வேறெதையும் கருதாத ஒரு கட்டடத்துக்குள் இப்படி நிகழ்ந்துவிடுகிறது.

திரும்ப வருகிறவனுக்கு வேறு கண். ட்ரோபிகானா ஹோட்டலில் ‘ஃபோலி பெர்ஜேர்’ 1959லிருந்து 2009 வரை நடந்தது. ‘ஜூபிலி’ 1981லிருந்து 2016 வரை. ‘ஜூபிலி’யில் டைட்டானிக் கப்பல் மேடையிலேயே மூழ்கும், ஒவ்வொரு காட்சியிலும். ஒரே ஒருமுறை பார்க்கிறவன் கப்பல் மூழ்குவதைப் பார்க்கிறான். பத்தாவது தடவை பார்க்கிறவனுக்குக் கப்பலில் ஆச்சரியம் மிச்சமில்லை. அவன் கண், தலையில் இறகுப் பாரத்தோடு படியிறங்கும் பெண்ணின் பாதத்துக்குப் போகிறது. அவள் கீழே பார்க்காமல் இறங்குகிறாள். போன மாதம் அந்த இடத்தில் இறங்கியவள் வேறொருத்தி. இவள் ஒருவேளை அவன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கவிதையை இரண்டாம் முறை வாசிப்பதைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் இங்கேயும் பொருந்துகிறது.

இன்னொன்று. ‘ஜூபிலி’ நடந்த கட்டடம் முதலில் எம்ஜிஎம் கிராண்ட். 1980 நவம்பரில் அங்கே தீப்பிடித்து 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி. அந்த விபத்தால் தள்ளிப்போன ‘ஜூபிலி’ அதே கட்டடத்தில் 1981 ஜூலையில்தான் தொடங்கியது. நகரமே அந்தப் புகையைப் பார்த்து எட்டு மாதங்கள் ஆகியிருக்கும்போது, அங்கே உட்கார்ந்து, நிறையப் பேர் சாகப்போகும் ஒரு கப்பலை வேடிக்கை பார்ப்பது என்ன மாதிரி அனுபவம்? வெளியூரிலிருந்து வந்தவனுக்கு அது தந்திரக் காட்சி. உள்ளூர்க்காரனுக்கு அது வெறும் தந்திரமாக இருந்திருக்க முடியாது. இந்த அர்த்தத்தை மேடை தரவில்லை, பார்க்கிறவன் கொண்டுவந்தான்.

இப்படிப் பார்க்கிறவன் குறைந்தால் மேடைக்கு என்ன ஆகும் என்பதற்கும் அந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1989ல் ஸ்ட்ரிப்பின் இசைக் கலைஞர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நேரில் வாசிக்கும் வாத்தியக் குழுவை எடுத்துவிட்டு ஒலிநாடாவைப் போடுவது பற்றிய சண்டை. அடுத்த ஜனவரி வரை நீடித்தும் அவர்கள் ஜெயிக்கவில்லை; பல அரங்குகளில் நாடா நிலைத்துவிட்டது. ஒரே தடவை வருகிறவனுக்கு இழப்பே தெரியாது, அவன் முன்னதைக் கேட்டதில்லை. தெரிந்திருக்கக்கூடியவன் உள்ளூர்க்காரன்தான். அவன் காதுக்கு மதிப்பில்லை என்று நிர்வாகங்கள் கணக்குப் போட்டன. வியாபாரக் கணக்காக அது சரி. ஒரு கலை தன் நினைவை இழப்பதும் அப்படித்தான்.

ஹிக்கியோடு நான் முரண்படும் இடம் இனிமேல்தான். பணத்தைத் தவிர வேறு ஏணி இல்லை என்கிறார். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஸாமி டேவிஸ் ஜூனியர் ஸ்ட்ரிப் ஹோட்டலில் பாடி முடித்துவிட்டு, அங்கே தங்க அனுமதி இல்லாமல், கறுப்பர்களின் குடியிருப்பான வெஸ்ட்ஸைடுக்குப் போய்ப் படுக்கவேண்டியிருந்தது. அந்த வெஸ்ட்ஸைடிலிருந்து தினமும் ஸ்ட்ரிப்புக்குப் போய் அறை பெருக்கியவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் உள்ளூர்க்காரர்கள்தாம். சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியம் கேட்கும். உள்ளே உட்கார முடியாது. கையில் பணம் இருந்தாலும் முடியாது.

1955 மே மாதம் வெஸ்ட்ஸைடு பக்கத்தில் மூலான் ரூஜ் திறந்தது. இரு நிறத்தவரும் சேர்ந்து உட்காரக்கூடிய முதல் சூதாட்ட ஹோட்டல். ஸ்ட்ரிப்பில் வேலை முடித்த பாடகர்களும் ஆட்டக்காரர்களும் நள்ளிரவு தாண்டி அங்கே வருவார்கள். அவர்களுக்காகவே பின்னிரவில் மூன்றாவது காட்சி ஒன்று நடந்தது. உள்ளூர் ரஸிகனுக்கென்றே நடந்த மேடை என்று அந்த ஊரில் ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். அந்த வருஷம் முடிவதற்குள் அது மூடப்பட்டது. 1960 மார்ச்சில் பாகுபாட்டைக் கைவிடும் உடன்பாடு ஏற்பட்டதும் மூடிக்கிடந்த அதே கட்டடத்தில்தான். ஹிக்கியின் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு முன்கதை உண்டு. சந்தோஷத்துக்குக் கணக்குக் கொடுக்கிறவன் அதையும் எழுதியிருக்கவேண்டும்.

இப்போது கணக்கே மாறிவிட்டது. 1990களின் இறுதியிலிருந்து ஸ்ட்ரிப்பின் பெரிய ஹோட்டல்களுக்குச் சூதாட்டத்தைவிட அறை, உணவு, காட்சி இவற்றிலிருந்து வருவதே அதிகம். மேடை தன் செலவைத் தானே சம்பாதிக்கவேண்டும். ராயை 2003 அக்டோபரில் மேடையிலேயே புலி கடித்துக் குதறியதோடு அவர்கள் காட்சி நின்றது. அது நடந்த மிராஜ் ஹோட்டல் 2024 ஜூலையில் மூடப்பட்டது. அதே வருஷம் அக்டோபரில் ட்ரோபிகானாவை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2023ல் திறந்த ‘ஸ்ஃபியர்’ என்ற கோள அரங்கில் பாடகர்கள் வராத நாட்களில் பிரம்மாண்டமான படம் ஓடுகிறது. அது ஒவ்வொரு முறையும் ஒன்றேபோல ஓடும். படியில் தயங்கும் பாதம் அதில் இல்லை. நகரத்துக்குள் 2012ல் ஸ்மித் சென்டர் என்ற அரங்கம் திறக்கப்பட்டது. சூதாட்டக் கூடத்தைக் கடக்காமல் பாலேயும் ஸிம்ஃபனியும் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் உள்ளூர்க்காரனுக்கு மரியாதையான ஓர் இடம் கிடைத்துவிட்டது என்பதால், மரியாதையில்லாத இடத்தில் அவன் கண்டுகொண்டது அற்பமாகிவிடாது.

நம்முடைய இந்தப் பத்திரிகைகளின் வாசகர்கள் எல்லோருமே ஒரு விதத்தில் உள்ளூர்க்காரர்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்கள் மட்டும்தான் நமக்கு உண்டு. ஒரு தடவை வந்து வாய் பிளந்துவிட்டுப் போகிறவன் இல்லை. நம் பலம் அதுதான் என்று சொல்லிக்கொள்கிறோம், பொய்யில்லை. ஆனால் நம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று நாம் எண்ணிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.